கேபிளின் வெளித்தோலில் ஓடிய மின்சாரம்

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தில், தமிழ்ப் படம் போடும் நாளில் எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஒரு வாத்து கத்தியது. கதாநாயகன் அம்மா காலில் விழுந்து அழும்போது கத்தியது. வில்லன் சிரிக்கும்போதும் கத்தியது. படத்தின் மேல் குறுக்குக் கோடுகள் ஓடி, முகங்கள் நெளிந்து, ஒரு நிமிடம் கழித்துச் சரியாகும். பிறகு மறுபடியும் கத்தும்.

அந்த வாத்து நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் ஆபரேட்டராக இருந்தேன். காலையிலிருந்து மாலை வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஈப்போவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மற்றவர்கள் பேச இணைப்புக் கொடுப்பேன். "பேசுங்க" என்று சொல்லிவிட்டு நான் விலகிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு சொல்லைத் தவிர எனக்கென்று பேச எதுவும் கிடையாது. வருடக்கணக்கில் இப்படி இருந்ததாலோ என்னவோ, நானே பேச வேண்டும், யாரென்றே தெரியாத ஒருவர் தூரத்திலிருந்து எனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசை மனசில் ஒட்டிக்கொண்டது. அமெச்சூர் ரேடியோவுக்குத் தேர்வு இருக்கிறது, தேறினால் வீட்டிலிருந்தே சிற்றலையில் பேச உரிமம் தருவார்கள் என்று தெரிந்ததும் படிக்கத் தொடங்கினேன். முதல் தடவை மோர்ஸ் தந்திக் குறியீட்டில் தோற்றேன். இரண்டாவது தடவையும் தோற்றேன். அடுத்த தடவை தேறினேன்.

ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகியிடமிருந்து பழைய ஜப்பானிய ரேடியோ ஒன்று கிடைத்தது. பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி. ஆண்டெனாவை நானே கட்டினேன். எங்கள் வீடு மூன்றாம் மாடியில். அதற்கு மேல் ஒரு மாடி, அதற்கு மேல் மொட்டைத் தளம். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு கம்பம், படிக்கட்டு அறைக்கு மேல் ஒரு கம்பம், நடுவில் ஒரு செப்புக் கம்பி. கம்பியின் நட்ட நடுவில் அதை வெட்டி, இரண்டு பாதிகளிலும் கேபிளை இணைத்து, அந்தக் கேபிளைக் கட்டடத்தின் நடுவே இருந்த காற்றுக் கிணறு வழியாக என் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். காற்றுக் கிணறு என்றால் எல்லாச் சமையலறையும் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சதுர ஓட்டை. அதில் ஒரு தண்ணீர்க் குழாய் மேலிருந்து கீழ்வரை ஓடியது. எல்லா வீட்டுத் தொலைக்காட்சிக் கேபிளும் அந்தக் குழாயோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. நானும் என் கேபிளை அதே குழாயோடு கட்டினேன். வேறு எங்கே கட்டுவது?

பேச ஆரம்பித்த முதல் மாதம் நான் தரையில் நடக்கவில்லை. ஜப்பான் பதில் சொன்னது. இந்தியா சொன்னது. ஒரு மாலையில் டார்வினிலிருந்து ஒரு கிழவர், அங்கே ஒரே புழுக்கம் என்று எனக்குச் சொன்னார். வேலை முடிந்து வந்து, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, மைக்கைப் பிடித்தால் உலகம் வீட்டுக்குள் வந்துவிடும். கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அப்போது தொலைக்காட்சி இல்லை.

முதலில் கதவைத் தட்டியவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். தரைமாடியில் இருந்தார், வங்கியில் வேலை. நல்ல மனிதர், சண்டை போடத் தெரியாதவர்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காத. டிவியில ஒரு வாத்து சத்தம் வருது லா. கோடு கோடா வேற. எல்லாரும் கம்ப்ளேன் பண்றாங்க. மேல நீ கட்டுன கம்பிதான்னு சொல்றாங்க."

"வாத்தா, அண்ணே?"

"வாத்துதான். க்வாக் க்வாக்னு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் பேசும் முறையில் அனுப்பிய குரலை அதற்கென்று செய்த ரேடியோவில் கேட்டால் மனிதக் குரல். வேறு பெட்டிக்குள் தவறிப் போய்ப் புகுந்தால் ஒரு சொல்லும் புரியாது, வாத்துதான். கேட்டதும் சிரிப்பு வந்தது. செயலாளருக்கு வரவில்லை.

"படம் ஓடுற நேரம் இனிமே பேச மாட்டேன் அண்ணே. மத்த நேரத்துக்கு ஒரு வழி பண்றேன்."

"வழியா? அவங்க கம்பிய அவுக்கச் சொல்றாங்க. அடுத்த மீட்டிங்ல முடிவு பண்ணிருவாங்க."

அவர் போன பிறகு கணவரிடம் சொன்னேன். அவர் ரயில்வேயில் கார்டு. பாதி நாள் வண்டியில், பாதி நாள் வீட்டில். யாரிடமும் பகை வேண்டாம் என்று நினைக்கிறவர்.

"விட்டுரு லா," என்றார். "அவுத்துட்டு வேற ஏதாவது பண்ணு. தையல் கத்துக்க."

"கம்பிய அவுக்க மாட்டேன்," என்றேன். "அவங்க படத்தையும் கெடுக்க மாட்டேன். ரெண்டும் நடக்கும்."

"எப்படி?"

"அது இன்னும் தெரியல."

உண்மையிலேயே தெரியவில்லை. என்னிடம் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதில் தொலைக்காட்சித் தொல்லைக்கு ஒரு அத்தியாயமே இருந்தது. ரேடியோவிலிருந்து வேண்டாத அலைகள் வெளியே போகலாம், அவற்றை வடிகட்டு என்றது. ஜாலான் பாசாரில் உதிரிப் பாகங்கள் வாங்கி ஒரு தகரப் பெட்டிக்குள் வடிகட்டி செய்தேன். ஈயம் பற்றவைத்து விரலைச் சுட்டுக்கொண்டேன். கணவரைச் செயலாளர் வீட்டில் உட்காரவைத்துவிட்டு மேலே பேசிப் பார்த்தேன். திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியதே இல்லை.

"வாத்து நல்லா இருக்கு," என்றார்.

இதற்கிடையில் யாரோ தொலைத்தொடர்பு இலாகாவுக்குப் புகார் கொடுத்து, ஒரு மலாய் அதிகாரி கருவிகளோடு வந்தார். மரியாதையான ஆள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் ரேடியோவை ஒரு மணி நேரம் சோதித்தார். பிறகு மலாயில் சொன்னார்: "புவான், உங்கள் பெட்டி சுத்தம். நீங்கள் அனுப்ப வேண்டிய இடத்தில்தான் அனுப்புகிறீர்கள். அவர்கள் பெட்டிதான் வாங்கக் கூடாததை வாங்குகிறது. சட்டப்படி உங்கள் மேல் தவறில்லை." செயலாளரிடமும் அப்படியே சொல்லிவிட்டுப் போனார்.

கணவருக்கு மகிழ்ச்சி. "அவ்வளவுதான். கவர்மெண்டே சொல்லிருச்சு."

எனக்கு அது போதவில்லை. சட்டம் என் பக்கம் என்பதால் எங்களுக்கு நேர் மேலே குடியிருந்த மேல்மாடி அக்கா வீட்டில் கோடு ஓடாமல் இருக்குமா? மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தும் பெண்கள் நாளைக்கு என்னோடு பேசுவார்களா? சுத்தமாக அனுப்புகிறேன் என்றால், பிறகு எந்த வழியாக அவர்கள் வீட்டுக்குள் போகிறேன்? அது தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது.

தடயம் என் உதட்டில்தான் இருந்தது. கொஞ்ச நாளாகவே மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது உதட்டில் எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று ஒரு வலி. பழைய ரேடியோ, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். இன்னொன்றும் இருந்தது. பேசும்போது ஜன்னலோரம் தொங்கிய கேபிளைக் கையால் பிடித்தால் ரேடியோவின் மீட்டர் முள் நகரும். கேபிள் ஒழுங்காக வேலை செய்தால் அப்படி நடக்கக் கூடாது. மின்சாரம் அதற்குள்ளேதான் போக வேண்டும். வெளியே பிடித்தால் அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு ஞாயிறு காலை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இதையே யோசித்தபோது, நான் தாண்டிப் போயிருந்த ஒரு பக்கம் கண்ணில் பட்டது. என் கேபிள் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு பின்னல் உறை. கூரையில் இருக்கும் ஆண்டெனாவோ இரண்டு சமமான பாதிகள். இரண்டையும் நேரடியாக இணைத்தால், உறைக்குள் ஏறிப் போன மின்சாரத்தில் ஒரு பகுதி, மேலே போனதும் உறையின் வெளிப்பக்கமாகவே வழிந்து திரும்பி இறங்கும். குழாயில் போன தண்ணீர் குழாய்க்கு வெளியே ஒழுகி வருவதைப் போல. அப்போது கேபிளே ஆண்டெனாவாகிவிடும். அந்த ஒழுக்கு வீட்டுக்குள் வந்து ரேடியோவின் மேல் ஏறி உதட்டைக் கடிக்கும். வழியில் எல்லார் வீட்டுத் தொலைக்காட்சிக் கேபிளையும் மாடிக்கு மாடி உரசிக்கொண்டு வரும்.

நிச்சயம் செய்துகொள்ள ஒரு சின்னக் கருவி செய்தேன். ஒரு பழைய மீட்டர், ஒரு டையோடு, ஒரு முழ நீளக் கம்பி. மின் அலை பக்கத்தில் இருந்தால் முள் எழும்பும். கணவர் மேசையில் உட்கார்ந்து நான் சொல்லும்போது மோர்ஸ் சாவியை அழுத்த, நான் ஜன்னல் வழியாக அந்தக் கருவியைக் கேபிளோரம் நீட்டினேன். முள் துள்ளியது. மேல்மாடி அக்காவிடம் கெஞ்சி அவர் சமையலறையிலிருந்து நீட்டினேன். அங்கேயும் துள்ளியது. கூரையில் ஆண்டெனாவுக்கு அடியில் துள்ளியதைவிட, இந்தக் குழாயோரத்தில்தான் அதிகம் துள்ளியது.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்று கத்திக்கொண்டே கீழே ஓடிவந்தேன். "மேல இருந்து ஒழுகுது. சோக் போடணும்."

"டியூப் லைட்டுக்குப் போடுற சோக்கா?"

"அது இல்லீங்க. கேபிள் வெளியில ஓடுறத மட்டும் நிறுத்துற சோக். உள்ள ஓடுறதுக்கு அது ஒண்ணும் பண்ணாது. பாலன்னு ஒண்ணு இருக்கு, கம்பியும் கேபிளும் சேர்ற எடத்துல வைக்கிறது. அதையே இந்த சோக்காலயும் பண்ணலாம்."

அவர் தன் ரயில் கணக்கில் சொன்னார். "உள்ள போறவன விட்டுட்டு வெளிய தொங்குறவன மட்டும் எறக்கி விடுறது. கூரை மேல டிக்கெட் இல்லாம ஏறுனவன எறக்குற மாதிரி."

"அதேதான்."

எளிய வழியை முதலில் பார்த்தேன். கேபிளையே ஒரு தடித்த பிளாஸ்டிக் குழாயின் மேல் பல சுற்று சுற்றி, ஆண்டெனாவின் நடுவில் தொங்கவிட்டேன். நான் பேசும் அலைவரிசைகளில் ஒன்றான இருபது மீட்டரில் வாத்து பாதியாகக் குறைந்தது. இன்னொன்றான நாற்பது மீட்டரில் பழையபடி கத்தியது. சுருளின் கனம் தாங்காமல் கம்பியும் நடுவில் தொய்ந்தது. ஒரு மாலை நேர மழைக்காற்றில் கம்பி அறுந்து சுருளோடு தளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டு மேல்மாடி அக்கா வெளியே ஓடிவந்துவிட்டார். "தலையில விழுந்தா என்னா பண்றது?" என்று கேட்டார். மீட்டிங்கில் என் கம்பிக்கு அடுத்த மாதம் வரை தவணை கொடுத்தார்கள்.

எனக்கு வேண்டியது ஃபெரைட். மண்சட்டி போல் கருப்பாக, உடையக்கூடியதாக இருக்கும் ஒரு காந்தப் பொருள். அதில் செய்த வளையத்தில் கேபிளைச் சில சுற்றுகள் விட்டால் போதும், பெரிய சுருள் தேவையில்லை. ஆனால் தகுந்த அளவு வளையம் ஜாலான் பாசாரில் எந்தக் கடையிலும் இல்லை. விரல் மோதிர அளவுதான் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாம் என்றார்கள். அடுத்த மாதத்துக்குள் அது வந்து சேராது.

கிள்ளானில் என் சொந்த அக்கா வீடு. ஒரு விடுமுறை நாளில் அங்கே போனபோது, கடைத்தெருவில் ஒரு சீனரின் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடையைக் கடந்தேன். வாசலில் செத்த பெட்டிகளின் குவியல். ஒரு படக்குழாயின் கழுத்தில் செப்புக் கம்பிச் சுருளும், அதைச் சுற்றி ஒரு கருப்பு வளையமும் இருந்தன. நின்றுவிட்டேன். திரையில் ஒளியை அங்குமிங்கும் ஆட்டும் பாகம் அது. அந்தக் கருப்பு வளையம் ஃபெரைட். கைப்பிடி அளவு. அதோடு அது இரண்டு பாதிகளாக வந்து கிளிப்பால் சேர்த்துப் பிடிக்கப்பட்டிருந்தது.

"தவுக்கே, இந்த வளையம் மட்டும் கெடைக்குமா?" என்று கடை முதலாளியிடம் மலாயில் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு?"

"ஆண்டெனாவுக்கு."

"டிவிக்கு ஆண்டெனாவா?"

"இல்லை. ஆண்டெனாவால் டிவி கெடாமல் இருக்க."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. குவியலைக் காட்டி, "அம்பில் லா" என்றார், எடுத்துக்கொள்ளச் சொல்லி. ஸ்க்ரூடிரைவரையும் கொடுத்தார். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, செத்த பெட்டிகளின் கழுத்தில் இருந்ததையெல்லாம் கழற்றினேன். அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தெரிந்தவர்கள் யாரும் வந்துவிடக் கூடாது என்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பும் பேருந்தில் என் மடியில் ஒரு பை நிறைய ஃபெரைட்.

வளையத்தில் கேபிளைச் சுற்றி, ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து, மழை புகாமல் ஓரமெல்லாம் தார் பூசி, ஆண்டெனாவின் நடுவில் கட்டினேன். இந்த முறை தடித்த கயிறும் இரட்டை முடிச்சும். கேபிளைக் காற்றுக் கிணற்றில் விடாமல் கட்டடத்தின் முன்பக்கச் சுவரோரமாக இறக்கினேன். உள்ளே நுழையும் ஜன்னலில் இன்னொரு வளையம். மைக்கைப் பிடித்துப் பேசினேன். உதடு கடிக்கவில்லை. கேபிளைக் கையால் பிடித்தேன். முள் அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

செயலாளர் வீட்டில் வாத்து இல்லை. மேல்மாடி அக்கா வீட்டில் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள், ஒருவரைத் தவிர.

அவர் இரண்டாம் மாடியில் எங்களுக்கு நேர் கீழே இருந்த மேட்ரன் ஆன்டி. பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கே வந்தவர். ஆனாலும் அந்த ஊர்ப் பேச்சு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. தனியாகத்தான் இருந்தார். வெள்ளைப் புடவை, இறுக்கிக் கட்டிய கொண்டை. கதவைப் பாதி திறந்து நின்றார்.

"உம்மட வாத்து இண்டைக்கும் வந்தது, பிள்ளை."

"மத்த வீட்டுல எல்லாம் நின்னுருச்சு, ஆன்டி. உங்க டிவி வயர ஒருமுறை பாக்கலாமா?"

"வேண்டாம்."

"கழட்ட மாட்டேன், ஆன்டி. பாக்க மட்டும்."

"ஒருத்தரும் தொடக் கூடாது. என்ர மகன் கட்டினது." கதவு சாத்தப்பட்டது.

செயலாளர் சொன்னார், "விடு தங்கச்சி, ஒரு வீடுதானே. மீட்டிங்ல நான் பேசிக்கிறேன்." கணவரும் அதையே சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு வீட்டில் என் குரல் வாத்தாகக் கத்துகிறது என்றால் என் வேலை முடியவில்லை. அதுவும் தனியாக இருக்கிற ஒரு பெண்ணின் வீட்டில். அவருக்கு மாலையில் அந்தப் பெட்டியைத் தவிர வேறு யார் பேசுகிறார்கள்?

கூரைக்குப் போய்ப் பார்த்தேன். அவருடைய ஆண்டெனா மட்டும் மற்றவர்களுடையதைப் போல் இல்லை. கம்பத்தின் உச்சியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வரும் அலையைப் பெருக்கிக் கீழே அனுப்பும் பூஸ்டர். காரணம் அதுதான். அந்தப் பூஸ்டர் என் அலையையும் சேர்த்துப் பெருக்கியது. கழற்றிவிட்டால் வாத்து போய்விடும். படமும் மங்கிவிடும். அதோடு, அது மகன் கட்டியது.

அன்று மாலையே மறுபடியும் போய்க் கதவைத் தட்டினேன். கையில் ஒரு ஃபெரைட் வளையம். அதை இரண்டு பாதியாகப் பிரித்துக் காட்டினேன்.

"ஆன்டி, இதப் பாருங்க. எதையும் வெட்ட வேண்டாம், கழட்ட வேண்டாம். ஒயர் இருக்குற மாதிரியே இருக்கும். மிச்சமா தொங்குற ஒயர இதுல சுத்தி, மூடி, டேப் போடுவேன். பிடிக்கலன்னா நீங்களே பிரிச்சு எடுத்துரலாம். உங்க மகன் போட்ட எதுவும் மாறாது."

அவர் வளையத்தைக் கையில் வாங்கிப் பிரித்தார், சேர்த்தார். ஆஸ்பத்திரியில் கருவியைச் சோதிக்கிற மாதிரி விளிம்பை விரலால் தடவினார்.

"எங்க சுத்துவீர்?"

"டிவிக்குப் பின்னால ஒண்ணு. பூஸ்டருக்கு கரெண்ட் போற ஒயர்ல ஒண்ணு. மேல கம்பத்துக்கிட்ட ஒண்ணு."

"மேலயும் நான் வருவன். நான் பார்த்துக்கொண்டு நிக்கத்தான் நீர் செய்யலாம்."

அடுத்த நாள் மாலை, வெயில் இறங்கியதும், அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கையைக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றார். தளத்துக்கு வந்து நின்றதும் சுற்றிப் பார்த்தார். ரயில் தண்டவாளங்கள், கோயில் கோபுரம், தொலைவில் மலை. இத்தனை வருடத்தில் ஒருநாளும் இங்கே ஏறியதில்லை என்றார்.

பிறகு மகன் கட்டிய கம்பத்தின் அருகே போனார். மிச்சக் கேபிளை அவன் வட்டமாகச் சுருட்டிக் கம்பத்தில் கட்டியிருந்தான். கேபிள் பூஸ்டருக்குள் நுழையும் இடத்தில் மழை படாமல் ஏதோ ஒரு நாடாவைச் சுற்றியிருந்தான். வெயிலில் பழுப்பேறிக் காய்ந்து போயிருந்தது. ஆன்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"இது பிளாஸ்டர்," என்றார். "ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர். என்ர அலுமாரிக்குள்ள இருந்து எடுத்திருக்கிறான்."

அவர் அந்த நாடாவின் மேல் விரலை வைத்தார். பிரிந்து நின்ற ஒரு முனையைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார். பசை காய்ந்துவிட்டது, ஒட்டவில்லை.

"வடிவாத்தான் சுத்தியிருக்கிறான்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி. உம்மட வேலையைச் செய்யும்."

சுருட்டி வைத்திருந்த கேபிளை அவிழ்க்காமல், அதிலிருந்து கொஞ்சத்தை மட்டும் இழுத்து வளையத்தில் சுற்றினேன். மூடி, டேப் போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டினேன். அவர் கடைசிவரை என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இறுக்கிக் கட்டும்" என்று ஒரு தடவை சொன்னார். கீழே வந்து மற்ற இரண்டையும் மாட்டினேன்.

சோதித்துப் பார்க்க அவரே நாள் குறித்தார். படம் போடும் நாள்.

"படம் ஓடேக்க கதையும். அப்பதான் எனக்குத் தெரியும்."

அந்த நேரத்தில் பேசுவதில்லை என்று நான் செயலாளருக்குக் கொடுத்திருந்த வாக்கு இருந்தது. அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினேன். "இன்னிக்கு வாத்து வந்துச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது லா" என்றார். உரிமம் என்னுடையது என்பதால் நான்தான் மேலே இருந்து பேச வேண்டும். கணவர் அன்று ஜொகூர் வண்டியில். கீழே என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

படம் தொடங்கியது. காற்றுக் கிணறு வழியாக எல்லா வீட்டிலிருந்தும் ஒரே பாட்டு ஏறி வந்தது. மைக்கை எடுத்தேன். அழைத்தேன். ஒரு தடவை, இன்னொரு தடவை. மூன்றாவது அழைப்புக்கு ஒரு ஆஸ்திரேலியர் பதில் சொன்னார். மாலை நேரத்தில் எங்களுக்கு நன்றாகக் கிடைக்கும் திசை அது. தெளிவான குரல். என் ஆண்டெனா என்ன, ரேடியோ என்ன என்று கேட்டார். நான் ஒரு காதை அவருக்கும் ஒரு காதைக் காற்றுக் கிணற்றுக்கும் கொடுத்துக்கொண்டே பேசினேன். யாரும் கத்தவில்லை. யாரும் ஜன்னலைத் தட்டவில்லை. வேண்டுமென்றே நீட்டிப் பேசினேன். பிறகு அலையை மாற்றி நாற்பது மீட்டரில் ஈப்போக்காரர் ஒருவரோடும் பேசினேன். ரேடியோவை அணைத்துவிட்டுக் கீழே ஓடினேன்.

மேட்ரன் ஆன்டி வீட்டுக் கதவு திறந்திருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் நின்றேன்.

"ஆன்டி, எப்படி?"

"மறைக்காதையும். இரும்."

உட்கார்ந்தேன். திரையில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். கோடு இல்லை. முகம் நெளியவில்லை. விளம்பரம் வந்த பிறகுதான் ஆன்டி என் பக்கம் திரும்பினார்.

"நீர் கதைச்சனீரோ? இல்லாட்டி பயத்தில சும்மா இருந்தனீரோ?"

"பேசினேன் ஆன்டி. ரொம்ப நேரம் பேசினேன்."

"ஆரோட?"

"பெர்த்ல ஒருத்தர். ஆஸ்திரேலியா."

அவர் எழுந்து போய்த் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். வந்து உட்கார்ந்தார்.

"என்ர மகன் அங்கதான் இருக்கிறான். கலியாணமும் அங்கதான் முடிச்சவன். எனக்குச் சொல்லேல்ல. அந்த மனுசன் என்ன சொன்னவர்?"

"அங்க மழையாம், ஆன்டி. குளிராம். ஹீட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கேன்னாரு."

"மழையோ," என்றார். விளம்பரம் முடிந்து படம் மறுபடியும் ஓடத் தொடங்கியது. அவர் ஒலியைக் கூட்டவில்லை. "குளிரெண்டால் அவனுக்கு உடனே நெஞ்சுச் சளி பிடிக்கும்."

அவருக்காகச் செய்தி எதையும் நான் அனுப்ப முடியாது. உரிமத்தில் அதற்கு இடமில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவரும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாலையில் சில நாட்கள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். உள்ளே வந்து மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். பெர்த் கிடைத்த நாளில், பேச்சுவாக்கில் அங்கே வானிலை எப்படி என்று நான் கேட்பேன். எல்லாரும் கேட்பதுதான் அது. பதிலை ஆன்டி தன் காதாலேயே கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

மீட்டிங்கில் என் கம்பிப் பேச்சு வரவில்லை. செயலாளர் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு லிஃப்ட் இல்லாத குறையைப் பேசினார். கொஞ்ச நாளில் என்னைத் தேடி வேறு விதமான ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் மாடியில் ஒருவர் வீட்டுத் தொலைபேசியில் வானொலிப் பாட்டு கேட்டது. ஒரு வளையம் சுற்றினேன், நின்றது. பக்கத்துக் கட்டடத்தில் ஒருவர் புதுக் கேசட் செட்டில் டாக்சிக்காரர்கள் பேச்சு வந்தது. அதற்கும் ஒன்று. செலாயாங்கிலிருந்து ஒரு அமெச்சூர்காரர் தன் வீட்டு வாத்தை நிறுத்தச் சொல்லி வந்து, வளையத்தோடு போனார். கிள்ளான் தவுக்கே என் தலை தெரிந்ததும் குவியலைக் கையால் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

மேட்ரன் ஆன்டி ஒரு ஜூன் மாதம் பெர்த்துக்குப் போனார். அவர்தான் வருகிறேன் என்றாரா, மகன்தான் வரச் சொன்னானா, எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. போகும் முன் கம்பளிச் சட்டை ஒன்றை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, கையளவு சரியாக இருக்குமா என்று என் கணவருக்குப் போட்டுப் பார்த்தார். இவர் கை நீளம். சட்டை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது.

"அவனுக்குச் சரியா இருக்கும்," என்று சொல்லி மடித்து எடுத்துக்கொண்டு போனார்.